புராஸ்டேட்டை எடுத்த பிறகும் பி.எஸ்.ஏ. ஏறுகிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 66. சிவகங்கை மாவட்டம். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சர்க்கரை இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன். 2023 ஏப்ரலில் புராஸ்டேட் புற்றுநோய்க்காக ஆபரேஷன் செய்து சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். அப்போது ரத்தத்தில் பார்க்கும் பி.எஸ்.ஏ. அளவு 11.4. எடுத்த சதையைச் சோதித்ததில் கிளீசன் (புற்றுநோயின் வீரியத்தைக் காட்டும் மதிப்பெண்) 4+3, நெறிக்கட்டிகளில் நோய் இல்லை, ஓர் இடத்தில் மட்டும் ‘மார்ஜின் பாசிட்டிவ்’, அதாவது வெட்டிய ஓரத்தில் புற்றுநோய் செல் இருக்கிறது என்று வந்தது. ஒன்றரை வருடம் பி.எஸ்.ஏ. 0.02, 0.03 என்றே இருந்தது. 2024 நவம்பரில் 0.05, 2025 மே மாதம் 0.09, இந்த நவம்பரில் 0.17. ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம், ஏறியிருந்தால் கரண்ட் (ரேடியேஷன்) வைக்க வேண்டும், ஹார்மோன் ஊசியும் போட வேண்டியிருக்கலாம் என்கிறார் என் டாக்டர். சுரப்பியே இல்லாதபோது இது எங்கிருந்து வருகிறது? அப்போதே கரண்ட் வைத்திருக்க வேண்டுமோ? மச்சினர் இப்போதே பெட் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். தெரிந்தவர் ஒருவர் மூலிகைப் பொடி தருகிறேன் என்கிறார். இருமினால் இன்னும் சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கசிகிறது, கரண்ட் வைத்தால் கூடுமா? டெஸ்ட்டுக்கு முந்தைய பத்து நாளும் தூக்கம் இல்லை. மனைவிக்கு மட்டும்தான் எல்லாம் தெரியும். பெங்களூரில் இருக்கும் மகனிடம் புராஸ்டேட் வீக்கத்துக்கு ஆபரேஷன் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். பதினொரு வருடமாகத் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிறேன். இந்த முறை போகலாமா?

பதில்:

அன்புள்ள ஐயா,

கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த தாளைத்தான் முதலில் படித்தேன். லெட்ஜர் மாதிரி கோடு போட்டு, தேதி, எண், லேப் என்று மூன்று பத்தியில் எழுதியிருக்கிறீர்கள். என் ஓ.பி.க்கு வருகிறவர்கள் எல்லாரும் இப்படி ஒரு தாள் வைத்திருந்தால் பாதி வேலை முடிந்துவிடும். பெரும்பாலும் மஞ்சள் பையைக் கவிழ்த்து, மருந்துக்கடை ரசீதுகளுக்கு நடுவில் பி.எஸ்.ஏ. ரிப்போர்ட்டைத் தேடி எடுத்து, நாங்களே வரிசைப்படுத்த வேண்டியிருக்கும்.

அந்தத் தாளில் ஒரு வரிக்கு மட்டும் டிக் போட்டிருக்கிறீர்கள். கடந்த ஜூனில், மனசு கேட்காமல் உள்ளூர் லேப்பில் கொடுத்துப் பார்த்தது. ‘0.1-க்குக் கீழ்’ என்று வந்திருக்கிறது. மே மாதம் 0.09, ஜூனில் 0.1-க்குக் கீழ். நின்றுவிட்டது, இறங்கியும் இருக்கலாம் என்று நம்பியிருப்பீர்கள். அப்புறம் நவம்பரில் 0.17 வந்ததும் இடி விழுந்த மாதிரி ஆகியிருக்கும். உண்மையில் ஜூனில் எதுவும் இறங்கவில்லை. சில லேப் மிஷின்கள் 0.1-க்குக் கீழே எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. 0.01 என்றாலும் 0.09 என்றாலும் அதற்கு ஒரே பதில்தான். நீங்கள் வழக்கமாகக் கொடுக்கும் லேப்பில் இருப்பது இன்னும் நுட்பமாக அளப்பது. ஒரே மாதிரி அளக்கும் இரண்டு லேப்பிலேயே ஒரே ரத்தத்துக்குக் கொஞ்சம் வித்தியாசம் வரும். அதனால் அந்த ஜூன் வரியை அடித்துவிடுங்கள். இனி எப்போதும் ஒரே லேப். உங்கள் ஊரிலிருந்து போய்வர அரை நாள் ஆனாலும் அதே லேப்.

சரி, சுரப்பி இல்லாமல் பி.எஸ்.ஏ. எங்கிருந்து வருகிறது? புராஸ்டேட் செல்கள் சுரக்கும் ஒரு புரதம் அது. நல்ல செல்லும் சுரக்கும், புற்றுநோய் செல்லும் சுரக்கும். சுரப்பியை எடுத்த பிறகு ரத்தத்தில் மிச்சம் இருப்பது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே போகும். ஆறு முதல் எட்டு வாரத்தில் அநேகமாக ஒன்றும் இருக்காது. அதற்கு மேலும் ஏதாவது தெரிந்தால் அதைச் சுரக்கிற செல் எங்கோ இருக்கிறது என்று அர்த்தம். சிலருக்கு அறுத்த இடத்தின் ஓரத்தில் கொஞ்சம் நல்ல சதையே ஒட்டியிருக்கும். அப்போது பி.எஸ்.ஏ. வருடக்கணக்கில் 0.04, 0.05 என்று கிடந்த இடத்திலேயே கிடக்கும். உங்களுக்கு அப்படி இல்லை. 0.05, 0.09, 0.17. ஒவ்வொரு ஆறு மாதத்திலும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. மிச்சம் இருக்கும் புற்றுநோய் செல்கள் பெருகுகின்றன என்பதுதான் இதற்குப் பொருத்தமான விளக்கம். ‘ஒன்றுமில்லை, கவலைப்படாதீர்கள்’ என்று எழுத எனக்கும் ஆசைதான். எழுதினால் அது பொய்யாகிவிடும்.

ஆனால் ‘திரும்பி வந்துவிட்டது’ என்றதும் எலும்பெல்லாம் பரவிப் படுத்த படுக்கையான ஒருவரைத்தான் மனசு கற்பனை செய்யும். அந்த நிலைமைக்கும் உங்களுக்கும் ரொம்ப தூரம். ஆபரேஷனுக்குப் பிறகு 0.2 அல்லது அதற்கு மேல், இரண்டு முறை அடுத்தடுத்து வந்தால்தான் நோய் மீண்டிருக்கிறது என்று நாங்கள் பெயர் வைப்போம். அதுவும் ரத்தப் பரிசோதனையில் மட்டும் தெரிகிற மீட்சி. 1999-ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை ஒரு கணக்கை வெளியிட்டது. ஆபரேஷனுக்குப் பின் பி.எஸ்.ஏ. ஏறத் தொடங்கியவர்களை, உடனே வேறு சிகிச்சை எதுவும் தராமல் கவனித்து வந்தார்கள். எலும்பிலோ வேறு உறுப்பிலோ நோய் கண்ணுக்குத் தெரிய அவர்களில் பாதிப் பேருக்கு எட்டு வருடத்துக்கு மேல் ஆனது. சிகிச்சை இல்லாமலே அப்படி. உங்கள் எண் கொஞ்சம் வேகமாக இரட்டிப்பதால் அந்த எட்டு வருடத்தை அப்படியே உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அதனால்தான் உங்கள் டாக்டர் வழக்கமான ஆறு மாதத்தை ஆறு வாரமாகச் சுருக்கியிருக்கிறார். சரியாகத்தான் செய்திருக்கிறார்.

2023-லேயே கரண்ட் வைத்திருக்க வேண்டுமோ என்ற கேள்வி உங்களை ரொம்ப அரிக்கிறது போலிருக்கிறது. மார்ஜின் பாசிட்டிவ் என்றால் உடனே ரேடியேஷன் தரும் பழக்கம் முன்பு நிறைய இருந்தது. பிரிட்டன், டென்மார்க், கனடா, அயர்லாந்து நாடுகளில் 1,396 பேரை வைத்து நடந்த ராடிக்கல்ஸ் என்ற ஆய்வு 2020-ல் வெளியானது. ஒரு பாதிக்கு ஆபரேஷன் முடிந்த சில மாதங்களிலேயே ரேடியேஷன். மறு பாதியைப் பி.எஸ்.ஏ. பார்த்துக்கொண்டே வந்து, ஏறினால் மட்டும் ரேடியேஷன். உடனே கொடுத்ததால் கூடுதல் பலன் கிடைக்கவில்லை, சிறுநீர், மலம் சம்பந்தப்பட்ட தொல்லைதான் கூடியது. காத்திருந்தவர்களில் நிறையப் பேருக்கு ரேடியேஷன் தேவையே படவில்லை. உங்கள் டாக்டர் அன்றைக்குக் காத்திருந்தது தப்பில்லை. நீங்கள் வற்புறுத்திக் கேட்கவில்லையே என்று உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ளவும் வேண்டாம்.

ஆனால் அந்தக் காத்திருப்புக்கு ஓர் எல்லை உண்டு. பி.எஸ்.ஏ. 0.5-ஐத் தாண்டுவதற்குள் ரேடியேஷனை ஆரம்பித்துவிட வேண்டும். எவ்வளவு குறைவான எண்ணில் ஆரம்பிக்கிறோமோ அவ்வளவு நல்ல பலன். சுரப்பி இருந்த இடத்தில் மட்டும் செல்கள் இருந்தால், இந்தச் சிகிச்சையிலேயே நோய் முழுவதும் போய்விட வாய்ப்பு இருக்கிறது. உங்கள் ரிப்போர்ட்டில் மார்ஜின் பாசிட்டிவ் என்று இருப்பது இந்த இடத்தில் உங்களுக்குச் சாதகம். மிச்சம் இருப்பது அந்த ஓரத்திலேயே இருக்கலாம் என்று அது சொல்கிறது. நெறிக்கட்டிகளில் நோய் இல்லாததும் நல்ல விஷயம்.

மச்சினர் சொல்லும் பெட் ஸ்கேனுக்கு வருகிறேன். பி.எஸ்.எம்.ஏ. பெட் என்பது நல்ல பரிசோதனைதான். ஊசி வழியாகப் போகும் கதிர்மருந்து புராஸ்டேட் புற்றுநோய் செல்லில் போய் ஒட்டிக்கொண்டு, அது எங்கே இருக்கிறது என்று படத்தில் காட்டும். ஆனால் 0.17 அளவில் செல்கள் அவ்வளவு குறைவு. இந்த அளவில் எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் படத்தில் ஒன்றுமே தெரிவதில்லை. செலவும் கணிசமாக ஆகும். இன்று எடுத்து ‘கிளியர்’ என்று வந்தால் வீட்டில் கேசரி கிண்டுவீர்கள், ரேடியேஷனைத் தள்ளிப் போடுவீர்கள். அதுதான் எனக்குப் பயம். படத்தில் தெரியவில்லை என்பதால் நோய் இல்லை என்று ஆகாது. ஆறு வாரம் கழித்து 0.2-ஐத் தாண்டினால், ரேடியேஷன் டாக்டரே எந்தெந்த இடத்துக்குக் கதிர் கொடுப்பது என்று தீர்மானிக்க அந்த ஸ்கேனைக் கேட்கலாம். அப்போது எடுங்கள். படத்தில் ஒன்றும் வராவிட்டாலும் சிகிச்சையை நிறுத்த வேண்டாம்.

கரண்ட் என்று நம் ஊரில் எல்லாரும் சொல்வதால் மின்சாரம் பாய்ச்சுவார்கள் என்று பயப்படுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஷாக் கிடையாது, சூடு கிடையாது, வலி கிடையாது. எக்ஸ்ரே மாதிரிதான், அதைவிடப் பல மடங்கு வலுவான கதிர். முதலில் ஒரு சி.டி. எடுத்து, இடுப்பில் சிறு புள்ளிகளாக அடையாளம் குத்துவார்கள் அல்லது மையால் போடுவார்கள். மை என்றால் குளிக்கும்போது தேய்த்துவிடாதீர்கள். எந்த இடத்துக்கு எவ்வளவு கதிர் என்று கணக்குப் போட ஒன்றிரண்டு வாரம் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் திங்கள் முதல் வெள்ளி வரை தினமும், ஏறக்குறைய ஆறரை ஏழு வாரம். மேஜையில் படுத்திருப்பது பத்துப் பதினைந்து நிமிடம்தான். ஒவ்வொரு நாளும் மலம் கழித்துவிட்டு, தண்ணீர் குடித்து மூத்திரப்பையை நிரப்பிக்கொண்டு வரச் சொல்வார்கள். மூத்திரப்பை நிரம்பினால் குடல் மேலே தள்ளப்பட்டு, கதிர் படாமல் தப்பிக்கும். கசிவு உள்ளவருக்கு இது கஷ்டமான காரியம், எனக்குத் தெரியும். முதல் நாளே அங்கே இருக்கும் டெக்னீஷியனிடம் சொல்லிவிடுங்கள். எவ்வளவு தண்ணீர், எத்தனை நிமிடம் முன்னால் என்பதை உங்களுக்கு ஏற்ற மாதிரி மாற்றித் தருவார்கள். மூன்றாவது நான்காவது வாரத்தில் அடிக்கடி சிறுநீர், எரிச்சல், வயிறு இளகிப் போவது எல்லாம் வரலாம். முடிந்து ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். சிலருக்கு மாதங்கள், வருடங்கள் கழித்து மலத்திலோ சிறுநீரிலோ ரத்தம் வரலாம். வந்தால் ‘மூலம்தான்’ என்று நீங்களே முடிவு செய்யாமல், ரேடியேஷன் வாங்கியவன் என்று சொல்லிக் காட்டுங்கள். செலவைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் சொல்கிறேன். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டிலும், ஓய்வூதியர் காப்பீடு இருந்தால் அதிலும் ரேடியேஷனுக்கு இடம் இருக்கிறதா என்று மருத்துவமனைக் காப்பீட்டு கவுன்ட்டரில் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அனுமதி வருவதற்கு நாள் பிடிக்கும்.

கசிவு கூடுமா? ஆபரேஷன் முடிந்து இரண்டரை வருடம் ஆகிவிட்டதால் புண் ஆறி, உங்கள் கட்டுப்பாடு ஒரு நிலைக்கு வந்திருக்கும். அதன்மேல் ரேடியேஷன் கொடுக்கும்போது சிலருக்குக் கொஞ்சம் கூடலாம். பெரும்பாலானவர்களுக்கு இருக்கிற மாதிரியேதான் இருக்கும். கையில் இருக்கும் ஆறு வாரத்தில் இடுப்படித் தசைப் பயிற்சியை மறுபடி ஆரம்பியுங்கள். நாலு பேர் முன்னால் வாயு பிரியாமல் அடக்குவோமே, அதே இடத்தை இறுக்குங்கள். வயிறும் தொடையும் இறுகக் கூடாது, மூச்சை அடக்கக் கூடாது. ஐந்து எண்ணும் வரை பிடித்து விடுங்கள். பத்து முறை, காலை, மதியம், இரவு. இருமல் வருவதற்கு முன்னால் ஒரு கணம் இறுக்கிக்கொள்ளப் பழகுங்கள், நாற்காலியிலிருந்து எழும்போதும் அப்படியே. சிறுநீர் போகும்போது பாதியில் நிறுத்திப் பழக வேண்டாம்.

இனி ஊசி. புராஸ்டேட் செல்களுக்கு ஆண் ஹார்மோன்தான் தீனி. 1941-லேயே சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர், விரைகளை எடுத்து அந்தத் தீனியை நிறுத்தினால் முற்றிய நோயும் அடங்குகிறது என்று காட்டினார். அதற்காக 1966-ல் நோபல் பரிசு பெற்றார். இப்போது மாதத்துக்கு அல்லது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசி அதே வேலையைச் செய்கிறது. நிறுத்தினால் ஹார்மோன் மெதுவாகத் திரும்பிவிடும். ரேடியேஷனோடு சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் ஆறு மாதம்தான். பி.எஸ்.ஏ. மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு ஊசியே வேண்டாம் என்று விடுவதும் உண்டு. உங்கள் கிளீசன் 4+3, இரட்டிப்பு ஏழு மாதத்துக்குள். நானாக இருந்தால் ஊசி பக்கம்தான் சாய்வேன். ஆனாலும் ‘எனக்கு ஊசியால் எவ்வளவு கூடுதல் பலன்?’ என்று உங்கள் டாக்டரிடம் நேராகக் கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான்.

ஊசி போட்டால் திடீரென்று உடம்பெல்லாம் சூடு பரவி வியர்க்கும். மாதவிடாய் நிற்கும் காலத்தில் பெண்களுக்கு வருமே, அதேதான். உங்கள் மனைவியிடம் கேட்டால் உங்களைவிட நன்றாக அவர் விளக்குவார். அசதி, தசை கரைவது, இடுப்பைச் சுற்றிச் சதை போடுவது, சட்டென்று கண் கலங்குவது, தாம்பத்திய ஆசை இல்லாமல் போவது எல்லாம் உண்டு. அந்தக் கடைசி விஷயத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. கணவர் ஏன் விலகிப் போகிறார் என்று புரியாமல் மனைவி மருகுவார். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அவரையும் உள்ளே அழைத்துப் போங்கள். சர்க்கரையும் ஏறும். ஊசி தொடங்கும் முன் மூன்று மாதச் சர்க்கரை அளவு, கொழுப்பு, வைட்டமின் டி பார்த்து வைத்து, உங்கள் சர்க்கரை டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லுங்கள். இதயத் தொல்லை இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தினமும் நடப்பதோடு, வாரத்துக்கு இரண்டு நாளாவது எடை தூக்குவது, நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவது மாதிரித் தசைக்கு வேலை கொடுங்கள்.

மூலிகைப் பொடி விஷயத்தில் நான் கண்டிப்பானவன். எட்டு மூலிகை சேர்ந்தது என்று சொல்லி பிசி-ஸ்பெஸ் என்ற மாத்திரை அமெரிக்காவில் விற்றது. பி.எஸ்.ஏ. கடகடவென்று இறங்கியது. சோதித்துப் பார்த்தால் உள்ளே செயற்கைப் பெண் ஹார்மோனும் ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தும் கலந்திருந்தன. 2002-ல் சந்தையிலிருந்து எடுத்துவிட்டார்கள். உங்களுக்குத் தெரிந்தவர் நல்லெண்ணத்தில்தான் தருவார். ஆனால் உள்ளே இருப்பது அவருக்கே தெரியாது. அப்படி ஏதாவது எண்ணை மட்டும் இறக்கிவிட்டால், கரண்ட் வைக்க வேண்டிய சரியான நேரம் கை நழுவிப் போகும். முடி, நகம் வளர என்று விற்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் அதையும் லேப்பில் சொல்லுங்கள், அதிக அளவில் அது சில மிஷின்களின் அளவைக் குழப்பும். டெஸ்ட்டுக்கு வெறும் வயிறு தேவையில்லை. இரண்டு நாள் சைக்கிள் ஓட்டாதீர்கள் என்று யாராவது சொன்னால், அது சுரப்பி இருப்பவர்களுக்கு. உங்களுக்கு இல்லை.

தூங்காத அந்தப் பத்து நாள். அநேகமாக என்னிடம் வருகிற ஒவ்வொருவரும் இதைச் சொல்கிறார்கள். ஒருவர் ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்த பிறகும் திறக்காமல், இரண்டு நாள் போனை அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். மூன்றாம் நாள் அவர் மனைவிதான் எடுத்துக்கொண்டு வந்தார். வந்த எண் 0.01. அந்த இரண்டு நாளில் அவருக்கு ஏறிய பிரஷரைத்தான் பிறகு நாங்கள் இறக்க வேண்டியிருந்தது. நான் சொல்வது இதுதான். காலையில் ரத்தம் கொடுத்து மாலையில் முடிவு வருகிற மாதிரியும், மறுநாளே டாக்டரைப் பார்க்கிற மாதிரியும் தேதி வாங்குங்கள். ரிப்போர்ட் மனைவியின் போனுக்கு வரட்டும், டாக்டர் முன்னால் உட்கார்ந்து திறங்கள். நடுவில் ஜூனில் செய்த மாதிரித் தனியாகப் போய் டெஸ்ட் கொடுக்காதீர்கள். அப்படியும் தூக்கம் வராமல், சோறு இறங்காமல், எதிலும் பிடிப்பு இல்லாமல் போனால் அதற்கும் டாக்டரைப் பாருங்கள். அதுவும் இந்த நோயின் ஒரு பகுதிதான், அதற்கு மருந்தும் பேச்சும் இருக்கிறது.

மகனிடம் சொல்லுங்கள், ஐயா. அவர் கவலைப்படுவார் என்றுதான் மறைக்கிறீர்கள். ஆனால் அப்பாவுக்கு இந்த நோய் வந்தால் மகனுக்கு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. 45 வயதிலிருந்து அவர் பி.எஸ்.ஏ. பார்த்துக்கொள்ள வேண்டும். உங்கள் தம்பிகளும்தான். வீக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஒருவர் எப்படிப் பார்ப்பார்? உங்கள் பக்கத்தில் மார்பகப் புற்றுநோயோ கருப்பைப் பக்கம் இருக்கும் சினைப்பைப் புற்றுநோயோ வந்த பெண்கள் யாராவது இருந்தால் அதையும் உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். சில குடும்பங்களில் ஒரே மரபணுக் கோளாறு இவை எல்லாவற்றுக்கும் பின்னால் இருக்கும்.

பழனிக்குத் தாராளமாகப் போகலாம். டெஸ்ட் ஜனவரி முதல் வாரத்தில் வருகிறது. கொடுத்து, முடிவு பார்த்து, ரேடியேஷன் டாக்டரை ஒருமுறை சந்தித்துவிட்டுப் புறப்படுங்கள். ஸ்கேன், காப்பீட்டு அனுமதி, கணக்குப் போடுவது என்று எப்படியும் சில வாரம் ஓடும். தைப்பூசம் அதற்குள் அடங்கிவிடும். அந்தச் சில வாரத்தில் கை மீறிப் போகிற நோய் இது இல்லை. போகும் வழியில் சிறுநீர் கசியுமே என்று தண்ணீர் குடிக்காமல் நடக்காதீர்கள், சிறுநீர் சுண்டினால் எரிச்சல்தான் கூடும். பேட் தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், நனைந்ததும் மாற்றுங்கள், இல்லையென்றால் தொடை உரசிப் புண்ணாகிவிடும். சர்க்கரை உள்ள கால், அதனால் வெறுங்காலோடு நடக்கும் வேண்டுதல் இருந்தால் இந்த வருடம் முருகனிடம் தவணை கேட்டுக்கொண்டு செருப்பு போட்டு நடங்கள். ராத்திரி தங்கும் இடத்தில் பாதத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். நடுவில் கால் மரத்துப்போய் வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ, கட்டிகட்டியாக ரத்தம் போனாலோ, அங்கேயே நிறுத்தி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். உங்கள் நிலையில் அப்படி வர வாய்ப்பு மிகக் குறைவுதான், இருந்தாலும் தெரிந்து வைத்திருங்கள். திரும்பி வந்ததும் ஜனவரி எண்ணை அந்தத் தாளில் சேர்த்து எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.